தரை டிக்கெட்டிலிருந்து ஒரு பதில்

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிடுவார். கேட்டது அவரிடம் இல்லை என்றாலும் சொல்லிவிடுவார். தெருவில் ஒருத்தி தன் புருஷனைப் பார்த்து, நேற்றுப் பூராவும் எங்கே போயிருந்தீர் என்று கேட்டு, அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியாகப் போகிற இவர் ஒரு நிமிஷம் நின்று, "சிநேகிதனுக்குக் காய்ச்சல் தாயி, பக்கத்துல இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடக்கிற கலவரத்துக்கு அவர் பொறுப்பில்லை.

மாதா கோயிலிலும் இதே கதைதான். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். சாமியார் ஒரு வரி சொல்ல, உபதேசியார் பதில் வரி சொல்லவேண்டும். உபதேசியாருக்கு ஆஸ்துமா. அவர் இருமி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இவர் குரல் கணீரென்று வந்துவிடும். சாமியார் இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை இவருடைய அக்காவைக் கூப்பிட்டு, உன் தம்பி இனிமேல் வெளியே நின்று பூசை காணட்டும் என்று சொல்லிவிட்டார். வெளியே நின்றும் சொன்னார்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஓட்டப்பிடாரத்தில் பம்புசெட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன், மிஷின் என்றால் எதுவாக இருந்தாலும் திறந்து பார்த்துவிடுகிற கிறுக்கில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். லைசென்ஸ் வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கேபின் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். பிலிம் ஒட்டுவதில் எனக்கு இணை மதுரைக்குத் தெற்கே கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. என் ஒட்டு ஓடும்போது திரையில் ஒரு துள்ளல்கூடத் தெரியாது. இந்தப் பெருமை பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் டாக்கி நடிகர். ஏழெட்டுப் படத்தில் வந்திருக்கிறார். கதாநாயகன் ஒன்றுமில்லை. ஓடக்காரன், கோட்டைக் காவலன், கதாநாயகி மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற பெரியவர், இப்படி. ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டாக்கியார் என்றுதான் சொல்வார்கள். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை "ஆபரேட்டரே" என்பார், கோபம் வந்தால் "வே".

பிறந்தது புன்னைக்காயல். கோயில் திருவிழாவில் போடுகிற வாசாப்பு நாடகத்தில் சின்ன வயசில் சம்மனசு, அதாவது தேவதூதன், வேஷம் கட்டி, அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு பாய்ஸ் நாடகக் கம்பெனிக்காரன் அவரைத் தூக்கிக்கொண்டு போனானாம். அங்கே வாத்தியார் பிரம்போடு நின்று சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம். மேடையில் எதிராளி உன்னைக் கேட்டுவிட்டு நிற்கிறான் என்றால் அவனை நிற்க விடாதே. பூமி பிளந்தாலும் பதில் வரவேண்டும். விளாத்திகுளத்தில் ஒரு திருவிழா நாடகத்தில் ராஜா வேஷக்காரர் போதையில் வசனம் மறந்து சிம்மாசனத்திலேயே தூங்கிவிட்டார். மந்திரியாக நின்ற இவர், "அரசே, தாங்கள் கேட்க நினைப்பது இதுதானே" என்று ராஜாவின் கேள்வியையும் தானே கேட்டு, தன் பதிலையும் தானே சொல்லி, விடிகிறவரை இரண்டு பேருக்கும் நடித்தாராம். ராஜா ரொம்ப நல்லவர், மந்திரியைப் பேசவிட்டுக் கேட்கிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்களாம்.

இந்த வியாதி உங்களுக்கு எப்படி அண்ணாச்சி வந்தது என்று நான் ஒருமுறை கேலியாகக் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பன் சங்குத் தோணியில கயிறு பிடிச்சவன் ஆபரேட்டரே. கீழ கடலுக்குள்ள ஒருத்தன் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கான். கயித்த ஒரு ஆட்டு ஆட்டுதான். மேல இருக்கவன் யோசிச்சா என்ன ஆகும்? கேக்கவன் எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியுதான்" என்றார். எனக்கு அன்றைக்கு அது வசனமாகத்தான் பட்டது. நாடகக்காரர் அல்லவா.

அவர் சினிமாவிலிருந்து விழுந்த கதையும் இதுதான். மதராசில் ஒரு ஸ்டூடியோவில் லைட் தூக்குகிறவன் ஒருத்தன் மேலே பரணிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்துபோனான். கம்பெனி கைவிட்டுவிட்டது. லைட் ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேஷத்தோடு எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனவர். அந்த நேரம் பார்த்து, பெட்டிமேல் ஏறி நின்றவன், "நம்ம கூட நிற்க ஒரு நடிகன்கூட இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறான். "இருக்கேன்" என்றார் இவர். அப்புறம் இறங்கி வர முடியவில்லை. வரவும் விரும்பவில்லை என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த கூட்டங்களில் பேசினார், பாட்டுப் பாடினார், தடை செய்யப்பட்ட கட்சியின் ஆட்களோடு பழகினார். பிடித்து உள்ளே போட்டார்கள். எட்டு மாதம். வெளியே வரும்போது நெஞ்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம் குடியேறியிருந்தது. பொதுக்கூட்டத்தில் வாய் திறப்பதில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் பாண்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடியில் இருந்த விதவை அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சினிமாக் கம்பெனிகளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனால் யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இவர் பெயர் இருந்தது.

அவர் நடித்த பழைய ராஜா ராணிப் படம் ஒன்று மறுபடியும் எங்கள் கொட்டகைக்கு வந்தது. படப்பெட்டியோடு கம்பெனியின் பிரதிநிதி, ரெப் என்பார்கள், ஒருவரும் வந்தார். பட்டுச் சட்டை, தங்கப் பல். கையில் ஒரு கடிதம். நோட்டீஸிலும் பாட்டுப் புத்தகத்திலும் இன்னார் பெயர் வரக்கூடாது, படத்தில் அவர் முகம் வருகிற இடங்களை வெட்டி எடுத்துவிடவேண்டும் என்று இருந்தது. மேனேஜர் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். நான் கத்தரியை எடுத்தேன். எனக்கு அப்போது வருத்தம் இருந்ததா என்று இன்றைக்கு யோசித்தால், இருந்தது, ஆனால் ஒட்டு சுத்தமாக வரவேண்டுமே என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா.

மூன்று இடங்கள். இரண்டு சுலபமாகப் போய்விட்டன. மூன்றாவது இடம் இப்படி. யுத்தத்துக்குப் போன படை திரும்பவில்லை. கோட்டை வாசலில் ஜனங்கள் நிற்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து, "போனவர்கள் திரும்பி வருவார்களா ஐயா?" என்று கேட்கிறாள். திரை முழுக்க அவள் முகம். அப்புறம் வாசல் காவலன் முகம், அதாவது இவர் முகம். "வருவார்கள் தாயே. நான் இன்னும் கதவைச் சாத்தவில்லை" என்கிறார். அவ்வளவுதான். அவர் முகம் இருக்கிற துண்டை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன்.

ஓட்டிப் பார்த்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. பிலிமில் படமும் சத்தமும் ஒரே இடத்தில் இருக்காது. சத்தம் இருபது கட்டம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால் அவர் முகம் போனாலும் குரலின் நுனி அந்தப் பெண்ணின் துண்டிலேயே நின்றுவிட்டது. அவள் கேட்கிறாள், "வரு" என்று ஒரு சத்தம், உடனே ராஜா வேட்டைக்குப் புறப்படுகிறார். அதையும் எடுக்கவேண்டுமானால் அவள் முகத்தில் கைவைக்கவேண்டும். கடிதத்தில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

ரெப் அன்றைக்கு மத்தியானம் டாக்கியாரை மேனேஜர் அறைக்கு வரச்சொன்னார். மிஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி வாங்கப் பணம் கேட்கப் போன நானும் அங்கே மாட்டிக்கொண்டேன். ரெப் மரியாதையாகத்தான் பேசினார். கம்பெனி உங்களை மறக்கவில்லை, அடுத்த படத்தில் நல்ல தகப்பன் வேஷம் ஒன்று இருக்கிறது, இந்தக் காகிதத்தில் ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுங்கள் என்றார். மன்னிப்புத்தானே, எழுதுகிறேன் என்று இவர் பேனாவை வாங்கிக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் ரெப், "அன்னைக்கு உங்ககூட வாசல்ல நின்ன லைட் ஆட்கள் யார் யாரு? பேரை மட்டும் கீழே வரிசையா எழுதிடுங்க" என்றார்.

இவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். மேனேஜர் தேநீர் வரவழைத்தார். குடித்தார். ரெப் மறுபடி கேட்டார். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சின் சீழ்க்கைச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. அப்படி ஒரு கால் மணி நேரம். எனக்குத் தெரிந்து அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். கடைசியில் ரெப் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை படம் போட்டோம். மேனேஜர் பாஸ் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அவர் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு இடதுபக்கத் தூண் ஓரமாக உட்கார்ந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்து ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். கேபின் ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் முகம் வரவேண்டிய முதல் இடம் போனது, பேசாமல் இருந்தார். இரண்டாவது இடமும் போனது. மூன்றாவது இடத்தில் அந்தப் பெண் வந்து, போனவர்கள் திரும்பி வருவார்களா ஐயா என்று கேட்டாள். "வரு" என்றது படம்.

"வருவார்கள் தாயே. நான் இன்னும் கதவைச் சாத்தவில்லை."

இருட்டிலிருந்து வந்தது. மைக் இல்லாத காலத்து மேடைக் குரல். எட்டு மாதம் உள்ளே இருந்த நெஞ்சிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. கொட்டகை முழுக்கக் கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கம் யாரோ சத்தமாக அழுதார்கள். அந்த வருஷம் துறைமுக வேலைநிறுத்தத்தில் உள்ளே போனவர்களின் வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புத்திக்கு எட்டியது.

சனிக்கிழமை கூட்டம் இரட்டிப்பானது. படத்துக்கு வந்த கூட்டம் இல்லை அது, பதிலுக்கு வந்த கூட்டம். சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்திலும் ஆறரை ஆட்டத்திலும் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் அவரைப் பிடித்து, நாளைக்கு வரவேண்டாம் அண்ணாச்சி என்று சொல்வேன். வரமாட்டேன் என்று மனசாரச் சொல்வார். மறுநாள் தூண் ஓரத்தில் இருப்பார். ஊருக்குள் இருந்தால் கால் இங்கேதான் வருது என்று என்னிடமே சலித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கேபினுக்கே ஏறி வந்தார். நாடகப் பைத்தியம் என்று பேர் எடுத்தவர், சபா நாற்காலியில் முன்வரிசையில் உட்காருகிறவர். அவருக்குக் குரல் யாருடையது என்று தெரியாதா? ஆனால் கோர்ட்டில் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே. பேசினது யார் என்று என்னைக் கேட்டார். மிஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது என்றேன். சிரித்தார். "கூட்டத்துல பேசமாட்டேன்னு பாண்டு எழுதிக் குடுத்திருக்கான். கொட்டகையில ஐநூறு பேரு உட்கார்ந்திருக்கானே, அது கூட்டம் இல்லாம என்ன? நாளைக்கு நானே தரையில வந்து உட்காருதேன். சத்தம் வந்த இடத்துலயே கையப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார். போகும்போது சுவரில் இருந்த என் லைசென்ஸைக் கொஞ்ச நேரம் நின்று படித்தார். அதை எதற்குப் படித்தார் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உயரமான மனுஷி, கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தம்பி தூங்கும்போது நெஞ்சில் கேட்கிற சத்தத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவைத்தும் அவர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போன கதையைச் சொன்னார்.

"அவன் இன்னொரு வாட்டி உள்ள போனா நான் பொணத்தத்தான் வாங்கணும் தம்பி. அவன நிறுத்த என்னால முடியல. ஒங்களால ஏதாவது முடியுமா?"

என்னால் முடியும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவரை நிறுத்த முடியாது, கேள்வியை நிறுத்தலாம். மத்தியானம் கேபினுக்குப் போய் ரீலை எடுத்து, அந்தப் பெண் கூட்டத்திலிருந்து முன்னால் வருகிற இடத்திலிருந்து ராஜா வேட்டைக்குப் போகிற இடம்வரை வெட்டினேன். பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, மூச்சுப் பிடித்து ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் போட்ட ஒட்டுகளிலேயே சுத்தமான ஒட்டு அது. ஜனங்கள் வாசலில் நிற்கிறார்கள், ராஜா குதிரை ஏறுகிறார். நடுவில் ஒருத்தி இருந்தாள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

ஆறரை ஆட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் மப்டியில் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு ஆள், அந்தப் பக்கம் இவர். அந்த இடம் நெருங்க நெருங்க நான் ஓட்டையோடு கண்ணை ஒட்டிக்கொண்டேன். ஜனங்கள் வாசலில் நின்றார்கள். இவர் லேசாக முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். ராஜா குதிரை ஏறினார். சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார். தரை டிக்கெட்டில் சலசலப்பு எழுந்து அடங்கியது. இன்ஸ்பெக்டர் இடைவேளையில் எழுந்து போய்விட்டார். போகிற போக்கில் கேபின் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நான் ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி வடைகூடச் சுட்டாள்.

புதன்கிழமை காலையில் ரீல் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கேபின் படி ஏறி வந்தார். நாலு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. வந்து, காலி ரீல் பெட்டிமேல் உட்கார்ந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு மடையன் நான்.

"அவுக என்னயத்தான் வெட்டச் சொன்னாவ. நீரு எதுக்குவே அந்தப் பொம்பளயயும் வெட்டுனீரு?"

உங்களைக் காப்பாற்றத்தான் அண்ணாச்சி என்றேன். இன்ஸ்பெக்டர் சொன்னதையும் அக்கா வந்து நின்றதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வருஷம் ஸ்டூடியோ வாசலில் தினமும் வந்து நின்றவளாம். கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான் வேலை. ராணி போனால் கும்பிடவேண்டும், தீப்பிடித்தால் ஓடவேண்டும். அன்றைக்கு டைரக்டர் கூட்டத்தைப் பார்த்து, யாருக்காவது பேச வருமா என்று கேட்டிருக்கிறார். இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். பயத்தில் ஐந்து தடவை பாழாகி ஆறாவது தடவை சரியாக வந்ததாம். காமிரா நின்றதும் இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம், நீங்கள் எதிரே நின்று பதில் சொன்ன தைரியத்தில்தான் பேசினேன் என்று.

"அவளுக்கு மொத்தமே அந்த ஒரு வசனந்தான்வே. நோட்டீஸ்ல பேரு கிடையாது, பாட்டுப் புத்தகத்துல கிடையாது. எந்த ஊர்லயாவது அவ ஆத்தாக்காரி டிக்கெட் வாங்கிட்டு இந்த ஒரு வரிக்காக உட்கார்ந்திருப்பா. நான் ஒண்ணும் என் மூஞ்சி போச்சேன்னு கத்தல. கேட்டவ பதில் இல்லாம நிக்காளேன்னுதான் சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ எந்தப் பட்டியல்லயும் இல்லாதவ. நீருதான்வே அவளச் சேத்துவிட்டீரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனைக்கும் மேல் நான் குற்றவாளியா என்று மனசுக்குள் பொருமினேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். கம்பெனி சொன்னதற்கு மேல் நானாக ஒரு முகத்தை வெட்டியிருந்தேன், அதுவும் அவ்வளவு ஆசையாக. நாளையோடு படம் முடிகிறது, பெட்டி அடுத்த ஊருக்குப் போகும், அவள் இல்லாமலேயே போகும். அப்படியே ஒவ்வொரு ஊராகப் போகும்.

ஒட்டிவிடு என்றார். ஒட்டினால் நீங்கள் வந்து பேசுவீர்கள் என்றேன். நாளைக்கு நான் ஊரிலேயே இருக்கமாட்டேன், காலையிலேயே புன்னைக்காயலுக்குப் போய்விடுகிறேன், அவளை மட்டும் ஒட்டு என்றார். வார்த்தை தவறவில்லை. மறுநாள் காலையில் அவர் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். அக்காவும் கூடவே போனார்.

ஒட்டினேன். வியாழக்கிழமை ஆறரை ஆட்டம்தான் கடைசி. இன்ஸ்பெக்டர் வரவில்லை, ஆனால் நாலு மூலையிலும் நாலு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். கொட்டகை நிரம்பி வழிந்தது. முந்தின இரண்டு நாளும் கேள்வி வராதது தெரிந்தும் ஜனங்கள் ஏன் வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த இடம் வந்தது. கூட்டத்திலிருந்து அவள் முன்னால் வந்தாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பதையும், கேட்கும்போது அவள் உதடு நடுங்குவதையும் கவனித்தேன். "போனவர்கள் திரும்பி வருவார்களா ஐயா?"

தரை டிக்கெட்டில் இருந்த தலைகள் எல்லாம் தூண் பக்கம் திரும்பின. அங்கே யாரோ ஒரு உப்பளத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை பேருக்கும் அந்தப் பதில் தெரியும். எனக்கும் தெரியும். கேபின் ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னால் கொட்டகைக்கே கேட்கும். நான் எழுந்தேன், ஓட்டைக்கு முகத்தைக் கொண்டுபோனேன், வாயையும் திறந்தேன். கீழே ஒரு கான்ஸ்டபிளின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. எனக்குக் குடும்பம் இருந்தது, லைசென்ஸ் இருந்தது. "வரு" என்றது படம். ராஜா குதிரை ஏறினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் சனிக்கிழமை ஊருக்குத் திரும்பினார். அக்காவை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டார். நான் புதுப்படத்தின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். கேட்டாளா என்று கேட்டார். கேட்டாள் அண்ணாச்சி, நன்றாகக் கேட்டாள் என்றேன்.

"யாருவே பதில் சொன்னது?"

யாராவது சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை. சொல்லாமல் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. தேநீர்க் கடை, மீன் மார்க்கெட், கோயில் வாசல் என்று போகிற இடமெல்லாம், நம்ம ஆபரேட்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை, நாலு போலீஸ்காரன் நிற்கும்போது பதில் சொன்னவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னதைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள். அப்படி நடக்கவில்லை என்று அவரிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஆமாம், நாங்களும் கேட்டோம் என்று தலையாட்டினார்கள்.